அட்டையில் இருக்க வேண்டிய பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும். டி.டி.பி. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நான் பத்தாவதுதான் படித்தேன். கள்ளிக்குப்பத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

1. சிவப்பு மை

தேன்மொழி மேடம் சேக்காட்டுக்காரர். ஒரு கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்தும் தற்காலிக ஆசிரியர். பழைய கிரேக்க மொழியைத் தானே கற்று, அந்த நாட்டு ஞானிகள் நீதியைப் பற்றிச் சொன்னதை ஆராய்ந்து தமிழில் புத்தகம் எழுதினார். மாலையில் சிவப்பு மையில் திருத்திய தாள்களோடு வருவார். கிரேக்க எழுத்தை நான் உருவம் பார்த்துத்தான் அடிப்பேன்.

"இன்னாண்ணா, இந்த எழுத்துக்குத் தலைல கோட்ட உட்டுட்டீங்க?"

"ஒரு கோடுதான மேடம்!"

"அய்யரு பாதி மந்திரத்த முழுங்கினா சும்மா உடுவீங்களா?"

திரும்ப அடிப்பேன். இப்படி ஆறு வருஷம். நிரந்தர வேலைக்கான நேர்காணலில் அந்தப் புத்தகம்தான் கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார்.

2. துறைத்தலைவர் வந்த நாள்

கல்லூரியே புத்தகத்தை வெளியிடுவதாக ஏற்பாடு. அச்சுக்குப் போகும் முன் துறைத்தலைவர் கடைக்கு வந்தார். கல்லூரி வேலைகளை எனக்குத் தருபவர் அவர்தான். கம்ப்யூட்டரில் கிரேக்க எழுத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னய்யா, ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி இருக்கு? சரி, அட்டையில என் பேரப் போடு. அந்தம்மாவுக்கு உள்ள நன்றின்னு ஒரு வரி போதும்."

"மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"டைப் அடிக்கிறவனுக்கு அது எதுக்கு? காலேஜ் வேலை வேணுமா, வேணாமா?"

மாற்றினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று காலையும் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டியவன்தான் நான்.

நேர்காணலில், "உங்க பேர்ல ஒரு புத்தகம்கூட இல்லையேம்மா" என்றார்களாம். அந்தக் குழுவில் துறைத்தலைவரும் உட்கார்ந்திருந்தாராம்! வேலை வேறொருவருக்குப் போனது. மேடம் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

"உங்க கைதானண்ணா?"

"ஆமா மேடம். தப்புதான்."

"இத எழுதினது நான்தான்னு ஒரு லெட்டர் குடுங்க. போதும்."

"காலேஜ் வேலைய நம்பித்தான் ஊடு ஓடுது மேடம்" என்றேன்.

"சரிண்ணா" என்று இறங்கிப் போய்விட்டார்.

இப்போது ஆவடியில் ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறார். அந்த ஆளோ மேடைக்கு மேடை மாலை வாங்குகிறார். கிரேக்கத்தில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது! நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. அவர் மேல் மட்டுமா? என் மேலும்தான். அம்மனுக்குப் பால்குடம் எடுத்தேன். அம்மனுக்கா நான் துரோகம் செய்தேன்?

போன வாரம் அந்தக் கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். வாசலிலேயே நின்று படித்தார்.

"இப்ப இத வெச்சி இன்னாண்ணா பண்றது?"

உட்காரவும் சொல்லவில்லை.

தம்பி, தங்கச்சிகளே, எவ்வளவு பெரிய ஆள் வந்து மிரட்டினாலும், எழுதியவரைக் கேட்காமல் அவர் பெயரில் கை வைக்காதீர்கள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல். என்னை நல்லவனாக்கி ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். அந்தப் புத்தகத்தை எழுதியவர் சேக்காடு தேன்மொழி.