குங்குமப்பூப் பால்

என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிவிட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், தான் மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டாள். குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளைப் பின்வரிசைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

விலங்கியலில் பட்டம் வாங்கியவள் நான். இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று பயந்து, பதிலைத் தயாராகவே வைத்திருந்தேன். எல்லார் தோலுக்குள்ளும் ஒரே நிறமிதான் இருக்கிறது, சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. காலங்காலமாக வெயில் நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அது கூடுதலாகி, குடைபோல உடம்பைக் காக்கிறது என்றேன்.

"நீயும் நானும் ஒரே வெயில்லதானம்மா இருக்கோம்?"

அம்மா அப்பா இருவரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து வரும், அதில் உசத்தி தாழ்த்தி கிடையாது என்றேன். நம்பிவிட்டாள். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எனக்குக் குடை பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் வந்தாள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். அங்கே கடைத்தெருவில் பாய் கடையில் வாங்கிய குங்குமப்பூவைப் பாலில் கலக்கி என் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவை ஒருநாள்கூட விட்டுராதிய மதினி. மூத்தவளுக்குக் குடிச்சதுதான் அம்புட்டும் வீணாப்போச்சு."

கேலியாகத்தான் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் குடிச்சியாம்மா? எதுக்கு?"

சத்துக்காக என்றேன். நாத்தனார் சிரித்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கி, வெயிலில் பஸ் ஏறிக் கொண்டுவந்தவள் மனம் கோணுமே என்று யோசித்தேன். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை பலித்தால் என்ன என்ற எண்ணமும் இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தேன்.

குடித்து முடித்ததும் அவள் கிட்டே வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். அடியில் ஒட்டியிருந்த சிவப்பு இழைகளை விரலால் வழித்தெடுத்தாள்.

"இதத் தின்னணுமா, மூஞ்சில தேய்க்கணுமா?"

அத்தையிடம் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்று என்னிடம்தான் கேட்டாள்.