நீள மெயிலுக்கு ஒரு வரி பதில்

சினேகிதனுக்கு எழுதற மெயில் எவ்வளவு நீளம் இருக்கலாம்னு எங்க வீட்டுல ரெண்டு கட்சி உண்டு. என் மனைவி கட்சி, நாலு வரி. நாங்க நல்லா இருக்கோம், நீங்க எப்படி இருக்கீங்க, இங்க மழை, அங்க மழையா, அவ்வளவுதான். என் கட்சி, சொல்ல வேண்டியது தீர்ற வரைக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது லேசுல தீராது, அதுக்கு நான் என்ன பண்றது?

சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் குடுத்துட்டு மந்தாரக்குப்பத்துல ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். வந்த பிறகு சொல்றதுக்கு விஷயம் இன்னும் கூடிப் போச்சு. கீழ் வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரை எப்ப போடுவார், எப்ப போட மாட்டார்ங்கறதுக்கே தனியா ஒரு மெயில் எழுதலாம். எழுதியும் இருக்கேன்.

நான் எழுதறது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் என்னோட ரிலீவர். பெல்ட் நிக்காம ஓடணும். அதனால அடுத்த ஷிஃப்ட் ஆள் கேபினுக்குள்ள வந்து, நடந்ததையெல்லாம் கேட்டுக்கிட்டு, நாற்காலியில உக்காந்த பிறகுதான் முதல் ஷிஃப்ட்காரன் கிளம்ப முடியும். ஷிஃப்ட் வாராவாரம் மாறும். எங்க வரிசை மட்டும் மாறாது. எனக்கு முதல் ஷிஃப்ட்னா அவருக்கு ரெண்டாவது, எனக்கு ரெண்டாவதுன்னா அவருக்கு நைட். எப்பவும் நான் போறவன், அவர் வர்றவர். ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல சேர்ந்து வேலை பார்த்ததே கிடையாது. எங்க சினேகிதம் மொத்தமும் அந்த ஷிஃப்ட் மாறுற பத்து நிமிஷத்துலதான் நடந்துச்சு.

முதல்ல பெல்ட் சமாசாரம். எந்த ரோலர் கத்துது, எந்த இடத்துல மண்ணு கொட்டுது, ஃபோர்மேன் எதுக்குக் குதிச்சார். அதை முடிச்ச கையோட என் வீட்டு சமாசாரம். பொண்ணு மார்க்கு, தம்பியோட வரப்புத் தகராறு, என் முட்டி வலி. வெளிய பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான், நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவர் டிபன் கேரியரை ஆணியில மாட்டிட்டு நின்ன இடத்துலயே கேட்பார். கடைசியில ஒண்ணே ஒண்ணு சொல்வார். "சரி தலைவரே, பாத்துக்கிறேன்." அவருக்கு நான் தலைவர், எனக்கு அவர் தலைவர். எங்க மைன்ஸ்ல எல்லாருமே தலைவருங்கதான், தொண்டன்னு ஒருத்தனும் இல்லை.

எனக்கு முன்னாடி அவர் ரிட்டையர் ஆகி, ஓசூர்ல மக வீட்டுக்குப் போயிட்டார். போன்ல பேசலாம்தான். ஆனா இத்தனை வருஷம் மோட்டார் சத்தத்துல நின்னு எங்க ரெண்டு பேருக்கும் காது மந்தம். நாங்க போன்ல பேசினா தெருவுக்கே கேக்கும், எங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேக்காது. வாட்ஸ்அப்புல தினமும் ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்றாங்கன்னு கோவிச்சுக்கிட்டு அதை அவர் போனை விட்டே தூக்கிட்டார். மிச்சம் இருந்தது மெயில்தான்.

மெயில்ல ஒரு சௌகரியம், பஸ்காரன் ஹாரன் கிடையாது. நான் பாட்டுக்கு எழுதுவேன். போன் திரையில விரலால தள்ளத் தள்ள வந்துகிட்டே இருக்கும். என் மனைவி தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்ப்பா.

"என்னாங்க, காலையில இருந்து எழுதிகினே கீறீங்க. எந்த மனுசன் உக்காந்து படிப்பாரு இத்த?"

"அவர் படிப்பார்."

"படிக்கிறாரோ, தள்ளிவுட்டுகினு போறாரோ, யாரு கண்டா?"

அவ சொன்னது சும்மா கிண்டல்தான். ஆனா உள்ள போய் உக்காந்துக்கிச்சு. ஏன்னா பதில் வர ரெண்டு வாரம் ஆகும். வந்தாலும் என்ன வரும்? "சரி தலைவரே, பாத்துக்கிறேன்." முட்டி வலியைப் பத்தி எழுதினாலும் அதேதான், தண்ணி மோட்டாரைப் பத்தி எழுதினாலும் அதேதான். கீழ் வீட்டு மோட்டாரை ஓசூர்ல இருந்து இவர் என்னத்தைப் பாத்துக்குவார்னு எனக்கு எரிச்சலா வரும். சரி, மனுஷன் சுபாவம் அப்படின்னு விட்டுடுவேன்.

விட முடியாம போனது என் பையன் விஷயத்துல. அவன் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல ஓடிக்கிட்டு இருக்கான். இந்த வருஷம் பெர்மனன்ட் ஆகும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஆகல. பையன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. நான் மொட்டை மாடியில உக்காந்து, மனசுல இருந்ததையெல்லாம் கொட்டி எழுதினேன். நான் எழுதினதுலயே பெரிய மெயில் அதுதான். எழுதி முடிச்சப்ப கண்ணு கலங்கிப் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு.

"சரி தலைவரே, பாத்துக்கிறேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. போனைக் கட்டில்ல வீசினேன். கட்டில்னு பார்த்துத்தான் வீசினேன், அதுவும் உண்மைதான். "இனிமே ஒரு எழுத்து எழுதினா என்னை ஏன்னு கேளு"ன்னு மனைவிகிட்ட சொன்னேன். அவ "நாலு வரின்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு முருங்கைக்கீரை ஆயப் போயிட்டா.

ரெண்டு மாசம் எழுதல. அவரும் எழுதல. வீம்புதான், வேற என்ன? பையன் பழையபடி ஷிஃப்டுக்குப் போக ஆரம்பிச்சான், சிரிக்கவும் ஆரம்பிச்சான். அதைக்கூட அவருக்குச் சொல்லல. ஆனா மத்தியானம் ஆனா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. டீக்கடையில நின்னா பேச நாலு பேர் இருக்காங்க. என்ன சொன்னாலும் அவனவன் உடனே அவனவன் முட்டி வலியைச் சொல்ல ஆரம்பிச்சுடுவான். நான் பேசினா கேட்கறதுக்குன்னு எனக்கு இருந்தது அந்த ஒரு சினேகிதம்தான். அதுவும் கை விட்டுப் போச்சோன்னு நினைச்சா சோறு இறங்காது.

அப்பத்தான் ஒரு நாள் அவர் மனைவி என் மனைவிக்குப் போன் பண்ணாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாவே கேக்கும், அதனால ரொம்ப நேரம் பேசினாங்க. பேசி முடிச்சுட்டு என் மனைவி என்கிட்ட வந்து உக்காந்தா. முகத்துல கிண்டல் இல்லை.

"அந்த அண்ணன் தெனமும் ரெண்டு மணிக்குச் சட்டை மாட்டிகினு வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவாராம். உங்க மெயில்ல ஒரு பத்தி படிப்பாராம். ஒண்ணுதானாம். அப்புறம் போனை மூடிட்டு அதையே ரோசனை பண்ணிகினு இருப்பாராம். மறுநாளு அடுத்த பத்தி. முழுசா முடிச்ச பிறகுதான் பதில் போடுவாராம். இப்ப ஒண்ணும் வர்லேன்னு பழசையே எடுத்துப் படிக்கிறாராம். உங்களுக்கு அவரு மேல எதுனா கோவமான்னு அந்தக்கா கேக்கறாங்க."

ரெண்டு மணின்னா முதல் ஷிஃப்ட் முடியற நேரம். எனக்குச் சட்டுனு விளங்கிடுச்சு. மனுஷன் ஓசூர்ல உக்காந்துக்கிட்டு என்னை ரிலீவ் பண்ணிக்கிட்டு இருந்திருக்கார். அந்தப் 'பாத்துக்கிறேன்'ஐக் கேட்டுட்டுத்தானே அத்தனை வருஷமும் நிம்மதியா பஸ் ஏறினேன். அப்ப என்னைக்காவது, என் தம்பியோட வரப்பை நீ என்னத்தைப் பாத்துக்குவன்னு கேட்டேனா? அவர் பாத்துக்கிறேன்னு சொன்னா அது அவர்கிட்ட போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வெட்கமாவும் இருந்துச்சு. "பாத்தியா, என் மெயிலை ஒரு எழுத்து விடாம படிக்கிறார்"னு மனைவிகிட்ட பீத்திக்கிட்டேன்.

"அது சரி. அவரு ஒடம்பு எப்படி கீதாம்?"

"தெரியலையே."

"இத்தினி மெயிலு எழுதனீங்களே, ஒண்ணுல கூட கேக்கலியா?"

யோசிச்சுப் பார்த்தேன். அவர் எந்தச் சாப்பாட்டை விரும்பிச் சாப்பிடுவார்னு தெரியாது. எதுக்குக் கவலைப்படுவார்னு தெரியாது. அவர் வந்ததும் நான் போயிடுவேன், அவர் ஷிஃப்ட்ல நடந்ததை அவர் மூணாவது ஆள்கிட்ட சொல்லிட்டுப் போவார். அவர் சொல்ற முறை என்கிட்ட வந்ததே இல்லை. எனக்கும் அது தோணினதே இல்லை.

அன்னைக்கே எழுதினேன். மனைவி கட்சிப்படி நாலே வரி.

"தலைவரே, இன்னைக்கு நீங்க போறவர், நான் வர்றவன்.
டிபன் கேரியரை ஆணியில மாட்டிட்டேன்.
பஸ்காரன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.
சொல்லுங்க."

பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் வந்துச்சு. தள்ளத் தள்ள வந்துகிட்டே இருந்துச்சு. எழுத்தெல்லாம் தாறுமாறு, பாதி வார்த்தைக்குக் கால் இல்லை, கொம்பு இல்லை. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சாம். டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாராம். இவர் இன்னைக்கு, நாளைக்குன்னு கதை சொல்லிக்கிட்டு இருக்கார். போனை மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டுத்தான் என் மெயிலைப் படிக்கிறார். ஒரு பத்திக்கு மேல படிச்சா கண்ணுல தண்ணி கொட்டும். தினம் ஒரு பத்தி படிச்சதுக்குக் காரணம் அதுதான். கண்ணு இவ்வளவு மோசம்னு வீட்டுல சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லவே இல்லையாம். மைன்ஸ்ல மண்ணு வெட்டுற ராட்சச மெஷினோட கை மேல, அத்தனை உயரத்துல, கம்பியைப் பிடிக்காம நடந்தவர் அவர். கண்ணுக்குள்ள கத்தி வெப்பாங்கன்னு அந்த ஆஸ்பத்திரி இருக்கற தெருப்பக்கமே போறதில்லையாம். கடைசியில எழுதியிருந்தார். "பயமா இருக்கு தலைவரே. நீங்க வந்தா பண்ணிக்கிறேன்."

படிச்சுட்டு முதல்ல பரண்ல இருந்து பையை இறக்கினேன். அப்புறம் பையன்கிட்ட பஸ் டிக்கெட் போடச் சொன்னேன்.

பண்ருட்டியில இருந்து ஓசூர் வழியா போற பெங்களூர் பஸ். மனைவி சும்மா விடுவாளா, சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரி ஒரு டப்பா நிறைய பலாச்சுளை குடுத்துட்டா. திருவண்ணாமலை தாண்டறதுக்குள்ள பலா வாசனைக்குப் பஸ்ல இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு சுளை வாங்கித் தின்னுட்டுத்தான் முறைக்கறதை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். என் வாழ்நாள்ல அவர் பக்கத்துல உக்காந்தது அதுதான் முதல் தடவை. ஒருத்தர் நின்னா ஒருத்தர் உக்காரணும், அப்படியே பழகியாச்சு. அவர் பேசினார், நான் கேட்டேன். காதுல விழணுமேன்னு அவர் கத்திப் பேச, அவர் பயப்படறார்ங்கற ரகசியம் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. நர்ஸம்மா வந்து, "ஐயா, ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் மெதுவா பேசுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவர் பேரைக் கூப்பிட்டப்ப என் கையைப் பிடிச்சார். அந்தக் கை சில்லுனு இருந்துச்சு. உள்ள போற வரைக்கும் நான் விடல.

நல்லபடியா முடிஞ்சுது. அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கும் போனேன். அந்தத் தடவை மனைவியையும் கூட்டிக்கிட்டுப் போனேன், பலாச்சுளை கொண்டு போகக் கூடாதுங்கற நிபந்தனையோட.

ஊருக்குத் திரும்பி, கொஞ்ச நாள்ல உக்காந்து அவருக்கு எழுதினேன். பையன் சமாசாரம், மோட்டார் சமாசாரம், எல்லாம் சேர்த்து மொட்டை மாடியில எழுதினதைவிடப் பெருசா எழுதினேன். முதல்ல மறக்காம அவர் உடம்பைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். கண்ணு இப்பத்தான் ஆறியிருக்கு, மெதுவா தினம் ஒரு பத்தியா படிக்கட்டும்னு கணக்குப் போட்டு எழுதினேன். அனுப்பிட்டு, குளிச்சுட்டு வந்து பார்த்தா பதில் வந்து கிடக்குது. எழுத்தெல்லாம் சுத்தமா இருந்துச்சு, ஒரு கால், ஒரு கொம்பு குறையல.

"தலைவரே, என்ன இது இவ்வளவு சின்னதா எழுதியிருக்கீங்க? முன்னெல்லாம் ஒரு மெயிலு வந்தா ரெண்டு வாரத்துக்கு வரும். இது ஒரு காபி குடிக்கறதுக்குள்ள தீர்ந்துபோச்சு. மிச்சத்தையும் எழுதுங்க."