செவ்வாய்க்கிழமைக்கு எடுத்து வைத்த பணம்

கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் போன், ஸ்கூட்டி, வாஷிங் மெஷின் மூன்றையும் தவணையில் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ‘மாசம் ரெண்டாயிரம்தானே’ என்றுதான் தோன்றியது. மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவே இல்லை!

போன மாதம் சம்பளம் தள்ளிப்போனது. தவணை தவறினால் அபராதமாயிற்றே என்ற பயத்தில், செவ்வாய்தோறும் கட்டும் மகளிர் குழுக் கடனுக்கு அம்மா அரிசி டப்பாவில் எடுத்து வைத்திருந்த பணத்தைச் சொல்லாமல் எடுத்துக் கட்டிவிட்டேன். சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது, சம்பளம் வரவில்லை.

குழுவில் ஒருவர் பணம் குறைந்தாலும் மற்ற யாரும் எழுந்து போக முடியாது. குழு கூடிய எங்கள் வாசலில் அம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். களை எடுக்க ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது போய்விட்டால் குழுவில் இருந்த பத்துப் பேருக்கும் அன்றைய கூலி போச்சு.

“இன்னா செல்வி, உம் பொண்ணு ஸ்கூட்டில பறந்துக்கினு இருக்குது, நீ இங்க குந்திக்கினு இருக்கிற?” என்றார் குழுவில் இருந்த பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா.

“நான்தான்க்கா அந்தப் பணத்த எடுத்துட்டேன்” என்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அம்மாவின் பங்குப் பணத்தை வைத்தார். “எழுந்திரிங்கடி, வண்டி போயிடும்!”

சம்பளம் வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் எதையாவது வாங்கத் தோன்றினால், கட்ட வேண்டிய தவணைகளை ஒரே தாளில் எழுதிக் கூட்டி, அம்மாவிடம் வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் இயர்பட்ஸ் வாங்க ஆசைப்பட்டு வாசித்தேன்.

“செவ்வாக்கெழமைக்கு எடுத்து வச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டார். இயர்பட்ஸ் வேண்டாம் என்று தாளை மடித்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன்.