முத்துராணி கேட்ட இரண்டு கல்

எங்கள் ஊர் வாய்க்கால் கரைக்குத் தார்ரோடு வந்த அன்றைக்கு ஊரே வெடி போட்டது. ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். "ரோடு வந்ததுக்கு அழுத பொம்பளைய இப்பத்தாம்மா பாக்கேன்" என்று தெருவில் போனவர்களெல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரித்தவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட. அழுதவள் என் பக்கத்து வீட்டு முத்துராணி. அவளைப் பற்றி ஊருக்குள் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நான் இசக்கியம்மா, பீடி சுற்றுகிறவள்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே வாய்க்காலை ஒட்டின ஊர் எங்களுடையது. முத்துராணி மாரிராஜுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவள். மாரிராஜ் கொத்தனார்; கூலியைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் கொடுக்கிற மனுஷன். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தனைத் தேடத்தான் வேண்டும். பிள்ளை இல்லை. ஒரு நாள் இரண்டு பேரும் பைக்கில் அம்பாசமுத்திரம் போய்விட்டு மெயின் ரோட்டில் திரும்பும்போது, குவாரிக் கல் ஏற்றிவந்த லாரி அவன் மேல் ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த இவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கண் முன்னால் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று இன்று வரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் மெயின் ரோடு என்றாலே அவளுக்கு ஆகாது. லாரி ஹாரன் கேட்டால் நடுங்குவாள். பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தோம். எதிரே ஒரு லாரி வந்ததும் கத்திக் கூப்பாடு போட்டுப் பாதி வழியில் இறங்கி, வயல் வழியாக நடந்தே வந்து சேர்ந்தாள். பேய் என்று மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. என்னோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். சுற்றினாள் என்றா சொல்வது? இலையை வெட்டிக் குவித்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

புருஷன் இல்லாதவள் என்று சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். சர்க்கார் வேலை, லேசில் கிடைக்குமா? ஆனால் போவது எப்படி? ரோட்டில் கால் வைக்கமாட்டேன் என்கிறாளே. ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் நாத்தனார் மகளின் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஏறிவிட்டாள்.

அந்தக் கரை சரளை மண். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வாழையும் நெல்லும். வழி நெடுக மருத மர நிழல். குண்டும் குழியுமான அந்த மண்ணில் எந்த மோட்டார்காரனும் வரமாட்டான். ஆடு மாடு வரும், குளிக்கிறவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். நேரே பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்று சாயங்காலம் திரும்பி வந்தவள், "யக்கா, போகும்போதும் வரும்போதும் ஒரு ஹாரன்கூட கேக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். மாரிராஜ் போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருஷக்கணக்கில் அப்படியே போய்வந்தாள். உடம்பில் சதை பிடித்தது. பிள்ளைகளுக்கு முட்டை வைக்கிற கதையெல்லாம் வந்து சொல்வாள். நன்றாகத்தான் இருந்தாள். அப்போதுதான் அம்பலவாணன் சார் வந்தார்.

பாளையங்கோட்டைக்காரர், பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பை ஒட்டின உடுப்பும், தலையில் தொப்பியும், தடித்த டயர் சைக்கிளுமாகக் கரையில் வந்தார். நாய்கள் குரைத்த குரைப்பில் ஊரே எழுந்து வந்து பார்த்தது. பின்னாலேயே அவர் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார்கள். முத்துராணியைப் பார்த்துச் சார் பேச்சுக் கொடுத்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். அவள் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

"வெளிநாட்டுல இப்படித்தாம்மா, வாய்க்கால் கரையில வண்டியே இல்லாம சரளைப் பாதை போட்டு வச்சிருக்கான். ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். ஜனங்க காசு குடுத்து வந்து ஓட்டுதாங்க."

"திராட்சைக்கு நான் எங்க சார் போக? இங்கன வாழைதான் கெடக்கு" என்றாள் இவள். அதற்கு அவர் அப்படிச் சிரித்தார்.

அவளைச் சைக்கிளோடு படம் பிடித்து, கதையும் எழுதிப் போனில் போட்டுவிட்டார். பிடித்தது சனி. எங்கெங்கிருந்தோ ஆள் வந்தார்கள். முதலில் சைக்கிள். பிறகு அதைப் பார்க்க பைக். பிறகு கல்யாணப் படம் எடுக்க கார். ஒரு நாள் பைக்கில் வந்த எடுபட்ட பயல் ஒருத்தன் இவளை இடித்து, சைக்கிளோடு சேற்று வயலில் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பாராமல் போனான். உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். பழைய நடுக்கம்.

அடுத்த ஞாயிறு சாரைப் பிடித்துக்கொண்டாள். "கரை ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு கல்லு ஊணிக் குடுங்க சார். சைக்கிள் நுழையணும், மத்தது நுழையக் கூடாது. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இவ்வளவுதானா? பெரிய அதிகாரி ஒருத்தர் நமக்கு வேண்டியவர்தான். ஊருக்கே கூட்டிட்டு வாரேன். நீங்களே உங்க வாயால கேளுங்க" என்றார் சார்.

எங்கள் ஊர் சங்கதி தெரியாமல் சொல்லிவிட்டார். எந்த ஜீப் வந்து நின்றாலும் எங்கள் ஊரில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ரோடு. ஓட்டுக் கேட்டு வந்தவனிடம் கேட்டோம். கணக்கெடுக்க வந்த டீச்சரிடம் கேட்டோம். ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரிடம்கூடக் கேட்டிருக்கிறோம். அதிகாரி வந்து நிற்கும்போது சின்னதாக ஒன்றைக் கேட்டால் அது ஊருக்கே கேவலம். அப்படி ஒரு பழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

பந்தல் போட்டார்கள். ரேடியோ செட் அலறியது. அதிகாரி வந்தார், முத்துராணிக்குப் பொன்னாடை போர்த்தினார். "ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"ரெண்டு கல்லு வேணும் சார்" என்றாள்.

பந்தலே கொல்லென்று சிரித்தது. அவள் முகம் செத்துவிட்டது. எதற்குக் கல் என்று சொல்ல வாயெடுத்தாள். வார்டு மெம்பர் சங்கிலிபூதத்தான் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினான்.

"சார், அந்தப் பிள்ள வெக்கப்படுது. ரோட்டத்தான் அப்படிச் சொல்லுது. கரையில தார்ரோடு போட்டுத் தந்தா, இவ மாதிரி எத்தன பொம்பளைங்க சொகமா போய்வருவாங்க!"

"ஏலே, அவ கல்லத்தாம்லே கேக்கா!" என்று நான் எழுந்து நின்று கத்தினேன். "நீ உக்காரு மதினி, ஊரு காரியத்தக் கெடுக்காத" என்று சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். ஊரே கை தட்டியது. அம்பலவாணன் சாரைப் பார்த்தேன். இவள் கேட்டது என்னவென்று தெரிந்த ஒரே பெரிய மனுஷன். அதிகாரி கையைத் தட்டியதும் அவரும் தட்டினார். அந்தக் கையை நான் மறக்கமாட்டேன்.

ஊர் கேட்டது கேட்டபடி வந்தது. எத்தனையோ வருஷம் வராத ரோடு, வேண்டாத இடத்தில் சொடக்குப் போடும் நேரத்தில் வந்தது. மருத மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சரளை மேல் ஜல்லி, ஜல்லி மேல் தார். சங்கிலிபூதத்தான் தன் முகம் போட்டு போர்டு வைத்துக்கொண்டான். ரோடு காயக்கூட இல்லை, குவாரி லாரிக்காரனுக்குக் குறுக்கு வழி தெரிந்துவிட்டது. இன்றைக்குச் சங்கிலிபூதத்தான் அம்மாவே வாய்க்காலில் குளிக்க ரோட்டைத் தாண்ட முடியாமல் அவனைத்தான் வைதுகொண்டிருக்கிறாள். நன்றாக வையட்டும்.

முத்துராணி முதல் லாரியைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வாழைக்குள் ஓடிப் பதுங்கிக்கொண்டாள். நான் போய்த்தான் கூட்டிவந்தேன். பிறகு கொஞ்ச காலம் வரப்பு வழியாக நடந்து போனாள். ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் முழங்கால் சேறு. போய்ச் சேரும்போது பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்திருக்கும். "வேலைக்கு வாறதுன்னா நேரத்துக்கு வா, இல்லன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சர்க்கார் வேலையை விட்ட பைத்தியக்காரி என்று ஊர் பேர் வைத்தது. மறுபடியும் என் பக்கத்தில் பீடி சுற்றுகிற சொளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடியும் சுவர்.

போன மாதம் அம்பலவாணன் சார் வந்தார், காரில். கையில் ஒரு பை ஆப்பிள். வாசலில் நின்றபடியே பேசினார்.

"என்னம்மா, வேலைய விட்டுட்டீங்களாமே? கேள்விப்பட்டு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

முத்துராணி குனிந்து இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நீங்க ஏன் சார் இப்பம் சைக்கிள்ல வரல?" என்றேன்.

"இங்க எங்க ஓட்ட? ஒரே லாரி. நாங்கள்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாறிட்டோம். அங்க ஒரு வாய்க்கால் கரை இருக்கு, அருமையான சரளைப் பாதை. ஒரு வண்டி கிடையாது" என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரால் அடக்க முடியவில்லை.

அப்போதுதான் முத்துராணி தலையைத் தூக்கினாள். "அங்கன பொம்பள யாரும் சைக்கிள்ல போறாளா சார்?"

"போறாளே! ஒரு பொண்ணு, காலையில பூக்கூடையோட தினம் போறா. நல்ல பொண்ணு. அடுத்த வாரம் அவகிட்டப் பேசி…"

"சார்" என்று குறுக்கே பேசினாள் முத்துராணி. குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சினாள். "ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவகிட்ட மட்டும் பேச்சுக் குடுத்துராதீங்க."