அக்கா கொண்டுவந்த சன்னம்

ஒஷாவாவில் ஒரு ஏலக் கம்பனியின் பின்னறையில் எனக்கு வேலை. பழைய சாமான்களை அளந்து, நிறுத்து, விவரம் எழுதிய அட்டையைக் கட்டவேண்டும். சென்ற வருடம் ஒரு பெட்டி நிறைய ஈயக் குண்டுகள் வந்தன. நூற்றறுபது வருடங்களுக்கு முன் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சேர்ந்தவை. ஒரு உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி ஓடிவந்தவனுக்கு இன்னொன்றின் குப்பையைப் பொறுக்குகிற உத்தியோகம். நல்ல கொடுப்பினை!

அந்தக் குண்டுகளின் அடியில் குழி இருக்கும். சுற்றிவர மூன்று வளையங்கள் என்றால் பெரும்பாலும் வடக்குப் படை. வளையமில்லாமல் வழவழவென்று இருந்தால் இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு உரியது. அதை இரண்டு பக்கமும் சுட்டிருக்கிறார்கள். பல் பதிந்த குண்டைக் கண்டால், காயப்பட்டவன் வலியில் கடித்தது என்று வாங்க வருபவர்கள் உருகுவார்கள். அநேகமாகப் பன்றி கடித்தது என்பார் முதலாளி. எந்தப் பக்கம் என்று பிடிபடாவிட்டால், 'இரு தரப்பும் பயன்படுத்தியது' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். யாருக்கும் நட்டமில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இதையெல்லாம் மில்லிக்கனில் அக்கா வீட்டில் அளந்துவிட்டேன். அக்கா எழும்பி மேலே போய், ஒரு மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. அத்தானின் உடம்பிலிருந்து எடுத்த துப்பாக்கிச் சன்னம் அதற்குள் கிடந்தது. கடைசிச் சண்டையில், எங்கள் போராளிகளின் பிடியிலிருந்த இடத்தை விட்டுச் சனத்தோடு சனமாக வெளியேறும்போது அத்தானுக்குச் சூடு பட்டது. அரசாங்க ஆமி சுட்டது என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னோம். வருடாவருடம் விளக்கேற்றும்போது, ஆமி கொன்றவர்களின் படங்களோடுதான் அவருடைய படத்தையும் வைப்போம்.

"தம்பி, உது ஆற்றை, எந்தப் பக்கத்தின்ரை எண்டு பாத்துச் சொல்லு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செப்பு உறை, வளைந்த நுனி. எங்கள் நாட்டிலும் ஆமி, போராளிகள் என்று இரண்டு பக்கமும் ஒரே துப்பாக்கியைத்தான் தூக்கித் திரிந்தார்கள். அட்டையில் எழுதுகிற அதே வரிதான் இதற்கும். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. கோழை நான்.

"ஆமியின்ரைதான் அக்கா."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

அக்கா போத்தலைப் பிடுங்கி மூடினா.

"நாங்கள் ஆமி நிண்ட பக்கம் பாத்தெல்லோடா நடந்தனாங்கள்? உது அவருக்கு முதுகுப் பக்கத்தாலை பூந்தது. இவ்வளவு வரியமும் நான் சொல்லுற பொய்யையே எனக்குத் திருப்பிச் சொல்லுறாய். நீயாவது தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்."