ஆய்த்துன்னா முடிஞ்சுதா?

"ஆய்த்து மேடம், ஆய்த்து!" என்கிறார் தையல்காரர் முனியப்பன். குளோரியா ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார். "முடிச்சிட்டீங்களா, இல்ல முடிச்சிடுவீங்களா?" முனியப்பன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். ஜாக்கெட்டில் இன்னும் கொக்கி வைக்கவில்லை.

பெங்களூரில் இந்தக் கன்னடச் சொல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. லிங்கராஜபுரத்துத் தமிழர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்றாலும் 'ஆய்த்து'தான். சரி, செய்கிறேன் என்றாலும் 'ஆய்த்து'தான். அந்த இரண்டுக்கும் நடுவே பல நாள் குழாய் ஒழுகும். நாற்பத்திரண்டு வயது குளோரியாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. அவர் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் டிரைவர்களைச் சோதிப்பது அவர் வேலை. எதிர்வீட்டு லட்சுமம்மா இதைக் கேள்விப்பட்டு, மகனுக்கு லைசென்ஸ் வாங்கித் தரச்சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். "கார் டிரைவர் இல்லக்கா, இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற டிரைவர்" என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழத்தை மட்டும் லட்சுமம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பாவனை செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்க் உண்டு. அதுவும் பாவனைதான், கையால் தொட முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டம் அதனிடம், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்கும். உன் கொள்ளளவு என்ன? ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கிக்கொள்வாய்? சுழல்வாயா? கொடுத்ததை உடனே எழுதிவிடுவாயா, கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பாயா? டிஸ்குக்கு ஏது வாய்? தரகர் மாதிரி டிரைவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும், சிஸ்டமும் அப்படியே நம்பிவிடும். நம்பாத ஒரே ஆள் குளோரியா. போன வருஷம் ஒரு டிஸ்க் தான் சுழல்வதாகச் சொன்னபோது, "உடம்பே இல்ல, இதுல சுத்துதாம்!" என்று அவர் சிரித்தது கேன்டீன் வரை கேட்டது.

இந்த வாரம் அவர் சிரிக்கவில்லை. கூட வேலை செய்யும் இளைஞர் தேஜஸ் எழுதிய புது டிரைவர் புதன்கிழமை சோதனைக்கு வந்தது. கையில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன், வாங்கியதை உடனே எழுதிவிடுவேன் என்று அது பதில் சொன்னது. குளோரியா எண் போட்டு ஆயிரம் வரிகளை அனுப்பினார். ஆயிரத்தையும் எழுதிவிட்டதாகப் பதில் வந்தது. அடுத்த நொடியே எழுந்துபோய்ப் பெரிய கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார். மறுபடி போட்டு எண்ணிப் பார்த்தால் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுதான் இருந்தன.

திங்கட்கிழமை அந்த டிரைவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகவேண்டும். காணாமல்போன முப்பத்தெட்டு வரி என்றால் அங்கே முப்பத்தெட்டுப் பேருடைய ரிசல்ட். குளோரியா தேஜஸைக் கூப்பிட்டு எண்ணிக்கையைக் காட்டினார்.

"அங்க யுபிஎஸ் இருக்கு அக்கா. கரென்ட் எப்பவாச்சும்தானே போகும்?" என்றார் தேஜஸ்.

"இருக்கட்டும்ப்பா. கையில வச்சிருக்கேன்னு சொல்றதுக்கு உன் டிரைவருக்கு என்ன வெட்கம்? சொன்னாத்தானே, 'உள்ள எழுதிட்டு வந்து சொல்லு'ன்னு சிஸ்டம் கேட்கும்?"

"உண்மைய சொன்னா ஸ்லோ ஆயிடும்."

"ஆகட்டும்."

மேலாளர் ஹரிஷ்குமார் தன் பங்குக்கு வந்து நின்றார். "'பாஸ்'னு போடற ஒரு பச்சை பட்டன்தானே குளோரியா? அமுக்கிட்டீங்கன்னா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்." குளோரியா அமுக்கவில்லை. மறுநாள் மதியம் அவர் மேஜைக்கு யாரும் சாப்பிட வரவில்லை. அது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தேஜஸ் வந்தார். "ஆய்த்து அக்கா." விரல் உயர்வதற்குள் அவரே முந்திக்கொண்டார். "முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன்! நீங்களே ஆஃப் பண்ணிப் பாருங்க."

இந்தத் தடவை டிரைவர், கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன், கேட்டால் எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டது. மறுபடி ஆயிரம் வரிகள் போயின. பதில் சற்று நிதானமாகத்தான் வந்தது. சுவிட்சை அணைத்து, போட்டு, எண்ணினார்கள். ஆயிரம். மூன்று தடவை அணைத்தும் ஆயிரமேதான். தேஜஸ் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதற்குள் ஹரிஷ்குமார் பின்னால் வந்து நின்று, "ஆய்த்தா?" என்றார்.

குளோரியா திரும்பாமலே இடதுகை விரலை உயர்த்தினார். வலதுகையால் பட்டனை அமுக்கினார். திரை பச்சையானது. அந்தப் பக்கத்தை மூடினார், மறுபடி திறந்தார். பச்சை அப்படியே இருந்தது. உயர்த்திய விரலை அப்போதுதான் இறக்கினார்.

"ஆய்த்து."