மார்புவரை மாவுக்கட்டோடு ஒரு குழந்தை: குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மூன்று பயணங்கள்

குஜிலியம்பாறையில் என்னைப் பற்றி இரண்டு மாதங்களாக ஒரு பேச்சு நடக்கிறது. என் வீட்டுக்குப் பின்வீட்டு ஜோதியின் மூன்று வயது மகள் தன்ஷிகாவுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது, நான் டாக்டரிடம் இங்கிலீஷில் வாதாடி ஆபரேஷனைத் தடுத்து, குழந்தையைக் காப்பாற்றினேனாம். பால்காரர்கூட வாசலில் நின்று பாராட்டிவிட்டுப் போனார். அது உண்மை இல்லை. நான் வாதாடவில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் தேவைப்படாது என்று டாக்டரே முடிவு செய்தார். நான் செய்தது வேறு.

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில், அணை, மலை என்று நான் போன இடங்களைப் பற்றி எழுதினேன். இது இன்பச் சுற்றுலா அல்ல. ஆனாலும் இப்படி ஒரு குழந்தையோடு திண்டுக்கல்லுக்குப் போக வேண்டியவர்கள் யாராவது இருந்தால் தூரமும் நேரமும் உதவட்டும் என்று வரிசையாகவே எழுதுகிறேன்.

ஆடிக்காற்று பலமாக அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. முருங்கைக்காய் மூட்டையோடு நிறுத்தியிருந்த டி.வி.எஸ். வண்டி சரிந்து தன்ஷிகாவின் வலது தொடைமேல் விழுந்தது. அவளுடைய அப்பா லாரி டிரைவர். அன்று மகாராஷ்டிரப் பக்கம் இருந்தார். ஜோதி ரவிக்கை தைத்துக் கொடுப்பவள், ஆஸ்பத்திரிச் சீட்டு படிக்கத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, கணவரும் இல்லை, தனியாள். அதனால் கூடப் போனேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் எரியோடு வழியாக முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். குழந்தை வழியெல்லாம் அழுதது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பு நடுவில் முறிந்து, ஒரு நுனி மற்றதன்மேல் லேசாக ஏறியிருந்தது. "இது சின்ன வயசும்மா. கட்டுலயே கூடிரும். கொஞ்சம் குட்டையா கூடுனாலும் வளர்ற எலும்பு, அதுவே சரிக்கட்டிக்கும்" என்றார். அன்று மாலையே மயக்க மருந்து கொடுத்து, எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். மார்புக்குக் கீழே தொடங்கி வலது காலில் கணுக்கால்வரை, இடது காலில் முழங்காலுக்கு மேல்வரை, ஒரே மாவுக்கட்டு. கால்கள் அகட்டியிருக்கும், நடுவே முட்டுக்கொடுத்த ஒரு குச்சி, கழிப்பதற்கு அடியில் இடைவெளி. ஆறு வாரம். குச்சியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. விரல்கள் நீலமாகவோ சில்லென்றோ இருந்தால் உடனே வர வேண்டும். எது நடந்தாலும் மாவுக்கட்டின்மேல் தண்ணீர் படக் கூடாது. இதை மூன்று முறை சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் திரும்பும்போதுதான் முதல் தவறு தெரிந்தது. சேகர் என்கிற டிரைவரின் சிறிய காரை வரச் சொல்லியிருந்தேன். அகட்டிய கால்களோடு குழந்தை எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் கதவுக்குள் நுழையவில்லை.

"கால மடக்கு பாப்பா, ஒரு டிக்கெட்டுதான் எடுத்திருக்கு" என்றார் சேகர்.

"மடங்காது மாமா. மாவு" என்றாள் தன்ஷிகா.

சேகர் போய்ப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுள்ள வேன் பிடித்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வாடகை ஆயிரத்து அறுநூறு. பின்சீட்டில் குறுக்காகப் படுக்க வைத்து, இரு பக்கமும் தலையணை கொடுத்தோம். வழியில் பத்தொன்பது வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் சேகர் முன்கூட்டியே குரல் கொடுத்தார். ஜோதி மாவுக்கட்டை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். வீடு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம்.

பத்தாம் நாள் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டின்மேல் ரசமும் மஞ்சளும் மண்ணும் அப்பியிருந்தன, ஓரத்தில் மூத்திர வாடை. நான் படித்த கான்வென்டில் நகமும் காலரும் பார்த்த பிறகே வகுப்புக்குள் விடுவார்கள். இந்த அழுக்கோடு குழந்தையை டாக்டர் முன் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. வாளியும் சோப்பும் கேட்டேன்.

"தண்ணி ஆகாதுன்னாங்களே டீச்சரம்மா" என்றாள் ஜோதி.

"ஈரத்துணிதான். நான் என்ன ஊற்றவா போகிறேன்?" என்றேன்.

அரை மணி நேரம் தேய்த்தேன். கட்டு வெள்ளையாயிற்று. எனக்குத் திருப்தியாக இருந்தது. மாலையில் இடுப்போரம் கட்டு, விரலால் அழுத்தியதும் உள்ளே அமுங்கியது.

இரண்டாம் பயணம் அதே வேனில், காலை ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் சேர்ந்தோம். டாக்டர் கட்டைத் தொட்டுப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பு விலகி வளைந்திருந்தது. "இத நனைச்சது யாரு?" என்று கேட்டார்.

ஜோதி என்னைப் பார்க்கவில்லை. "புள்ள ஒண்ணுக்குப் போயிருச்சு சார். நாந்தான் கவனிக்கல."

"பெத்தவ நீ இம்புட்டு அசட்டையா இருந்தா நான் எதுக்கும்மா கட்டுப் போடணும்? படிச்சவங்க ஒருத்தங்க கூட இருந்துமா இப்படி?" என்று அவர் சத்தம் போட்டார். படிச்சவங்க என்றது என்னை. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய கட்டை அறுத்து, மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி இழுத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியது. திரும்பும் வழியில், எரியோடு தாண்டியதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஜோதியிடம் கேட்டேன்.

"உங்கள அவரு மட்டு மருவாதி இல்லாம பேச, நான் பாத்துக்கிட்டு நிக்கவா? என்னையத் திட்டுனா எனக்குப் பழக்கந்தான்" என்றாள்.

அடுத்த தெருவில் இருக்கும் அவளுடைய மாமியாருக்கு விஷயம் போனது; ஜோதி குடியிருந்த வீடும் அவருடையதுதான். பிள்ளையின் மூத்திரத்தைக்கூடப் பார்க்காதவள் என்று அந்த அம்மாள் தெருவில் நின்று பேசியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் வெளியே போகவில்லை. அந்த வாரங்களில்தான் என்னைப் பற்றிய பாராட்டும் ஊரில் பரவியது.

மூன்றாம் பயணம் கட்டு அறுக்க. ரம்பம் தோலை வெட்டாது என்றாலும் அதன் சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டது. வலது கால் குச்சிபோல் மெலிந்து, தோல் உரிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குட்டை. வளர வளரச் சரியாக வாய்ப்பு அதிகம், உறுதியாக இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில வாரம் விந்தி விந்தி நடப்பாள், கட்டாயப்படுத்தி நிற்க வைக்க வேண்டாம், தானே எழுந்து நிற்பாள் என்றும் சொன்னார். வெளியே பெஞ்சில் கிடத்தினோம். கட்டு இல்லை, ஆனால் தன்ஷிகா அது இன்னும் இருப்பதுபோலக் கால்களை அகட்டியே வைத்திருந்தாள்.

குழந்தை சரியாக நடக்கும்வரை வீட்டுப்படி ஏற வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டதால், ஜோதியின் அண்ணன் வந்து இருவரையும் ஆத்தூரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வேனில் நான் மட்டும் திரும்பினேன். அதே பத்தொன்பது வேகத்தடைகள். சேகர் பழக்கத்தில் முதல் இரண்டுக்குக் குரல் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான்கு வாரம் ஆகிறது. ஜோதி ஃபோன் எடுப்பதில்லை. நேற்று மாமியார் வீட்டுக்குப் போய், கட்டை நனைத்தது நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். "அவளுக்காகப் பரிஞ்சு பேசுறீங்க டீச்சர். உங்களுக்கு அம்புட்டு நல்ல மனசு" என்றார். எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: பஸ்ஸும் சிறிய காரும் வேண்டாம், பக்கவாட்டுக் கதவுள்ள வேனை முதல் நாளே சொல்லிவையுங்கள். சிறிய டயப்பரைக் கட்டின் ஓரத்துக்குள் செருகி, அதன்மேல் பெரியதைப் போடுங்கள். வயிற்றையும் கட்டு இறுக்குவதால் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கட்டு அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும். நனைந்துவிட்டால், நனைத்தது யாரோ அவரே டாக்டரிடம் சொல்லட்டும்.

ஜோதி, உன் அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பவர். இதை உனக்கும் உன் மாமியாருக்கும் அவர் வாசித்துக் காட்டட்டும். தன்ஷிகா காலை ஊன்றிவிட்டாளா, இல்லையா? நீ சொல்ல அவர் எழுதினால் போதும். எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.